நருட்டோ மங்காவை முதல் அத்தியாயத்திலிருந்து முடிவு வரை வாசிப்பது எப்படி?

மசாஷி கிஷிமோட்டோவின் நருட்டோ என்ற மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) 1999 செப்டம்பரில் ஜப்பானின் வாராந்திர ஷோனென் ஜம்ப் இதழில் தொடங்கியது. 2014 நவம்பர் 10 அன்று முடிந்தது. 700 அத்தியாயங்கள், 72 தொகுதிகள். இதன் அனிமேயை (கார்ட்டூன் தொடரை) மட்டும் பார்த்த பலர் இந்த எண்ணிக்கையைக் கண்டே பின்வாங்கிவிடுகிறார்கள். அவர்களை எப்படியாவது வாசிக்க வைக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. இதுவரை மங்காவையே தொடாதவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த விளக்கம்.

படி 1: எதில் வாசிப்பது?

விஸ் மீடியாவின் ஷோனென் ஜம்ப் செயலியில் மாதச் சந்தா கட்டினால் மொத்தக் கதையும் ஆங்கிலத்தில் கிடைக்கும். புத்தகமாக வேண்டுமென்றால் மூன்று தொகுதிகளை ஒன்றாகக் கட்டிய பதிப்பு இருக்கிறது. 24 புத்தகங்களில் கதை முடிந்துவிடும், அலமாரியிலும் இடம் மிச்சம். ஆனால் இந்தக் கதையில் நிஞ்சாக்கள் விரல்களை மடக்கிப் போடும் முத்திரைகளைக் கவனித்துப் பார்க்க வேண்டும். ஃபோனில் வாசித்தால் அந்தப் பக்கங்களில் மட்டுமாவது பெரிதாக்கிப் பாருங்கள்.

படி 2: வலமிருந்து இடமாக

ஆங்கிலப் புத்தகம் முடிகிற பக்கத்திலிருந்து திறக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே வலது மூலையில் இருக்கும் கட்டம்தான் முதல் கட்டம். அங்கிருந்து இடப்பக்கம் போய், பிறகு கீழே இறங்க வேண்டும். பேச்சு பலூன்களுக்கும் இதே வரிசைதான். கட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் அது பழைய நினைவு. இரண்டு அத்தியாயம் தாண்டினால் கண் பழகிவிடும்.

படி 3: முதல் நான்கு தொகுதிகளை நிதானமாக

முதல் அத்தியாயத்தில் சண்டையைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஊரே ஒதுக்கிவைத்த நருட்டோ என்ற பையனை ஒரு வாத்தியார் தன் முதுகைக் கொடுத்துக் காப்பாற்றுகிறார். தன்னையும் ஒருவர் மனிதனாக மதிக்கிறார் என்று அந்தப் பையனுக்குத் தெரியவரும் இடம் அது. அடுத்த 699 அத்தியாயங்களும் அதன் மேல்தான் நிற்கின்றன.

பிறகு அலை நாட்டுக் கதை வரும். ஜபுசா, ஹாக்கு என்ற இரண்டு எதிரிகள். நான்காவது தொகுதியில் அவர்கள் கதை முடியும்போது அவர்களை வில்லன்கள் என்று சொல்ல உங்களுக்கு மனசு வராது. எதிரியின் தனிமையையும் நாயகனின் தனிமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவது கிஷிமோட்டோவின் வழி. அதை இங்கேயே பிடித்துக்கொண்டால் காரா, இட்டாச்சி, பெயின் என்று பின்னால் வருகிற எல்லோரையும் புரிந்துகொள்ளலாம்.

படி 4: 27-ஆம் தொகுதியில் நிறுத்துங்கள்

முதல் பாகம் இங்கே முடிகிறது. 25, 26-ஆம் தொகுதிகளில் நருட்டோவும் அவன் நண்பன் சசுகேயும் அருவிக்கரையில் மோதுவதை ஒரே அமர்வில் வாசித்துவிடுங்கள். 27-இன் பின்பகுதியில் அவர்களின் ஆசான் ககாஷியின் இளமைக்காலம் ஆறு அத்தியாயங்களாக வருகிறது. கிளைக்கதைதானே என்று தாண்டிவிட வேண்டாம், பின்னால் வரும் போரின் வேரே அதில்தான் இருக்கிறது. அப்புறம் சில நாள் இடைவெளி விடுங்கள். கதையிலும் இரண்டரை ஆண்டு ஓடியிருக்கும்.

படி 5: போரைத் துண்டு துண்டாக வாசிக்காதீர்கள்

55-ஆம் தொகுதிக்கு மேல் பெரும் போர்தான். என் கணிப்பில் இது கொஞ்சம் நீளம்தான். வாரம் ஓர் அத்தியாயமாகக் காத்திருந்தவர்களுக்கு இன்னும் நீளமாகப் பட்டது. உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஒரு தொகுதியை எடுத்தால் முடித்துவிட்டுத்தான் கீழே வைக்க வேண்டும். அப்படி வாசித்தால் வேகம் வந்துவிடும்.

படி 6: கடைசி ஏழு அத்தியாயங்கள்

694 முதல் 698 வரை மறுபடியும் அதே அருவிக்கரை, அதே இரண்டு பேர். கையில் 26-ஆம் தொகுதியையும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் சண்டையின் கட்டங்களையும் இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கே போகப் போக உத்திகள் தீர்ந்து, சக்தி தீர்ந்து, கடைசியில் இரண்டு களைத்த பையன்கள் வெறும் கையால் அடித்துக்கொள்கிறார்கள். பதினைந்து வருடக் கதையை இவ்வளவு எளிமையாக முடிக்கப் பெரிய துணிச்சல் வேண்டும். எனக்கு மொத்தத் தொடரிலும் பிடித்த பக்கங்கள் இவைதான்.

699-உம் 700-உம் ஒரே இதழில் வந்தன, எனவே சேர்த்தே வாசியுங்கள். 700 முழுக்க வண்ணத்தில் வந்தது. கதை தொடங்கும்போது நருட்டோ மலையில் செதுக்கிய தலைவர்களின் முகங்களில் சாயம் பூசிக் கிறுக்கியிருப்பான். 700-இல் அந்த மலை வரும்போது நிதானமாகப் பாருங்கள். கிறுக்கல்களுக்கு நடுவே, ஷோனென் ஜம்பிலேயே வரும் இன்னொரு மங்காவான ஒன் பீஸ் தொடரின் வைக்கோல் தொப்பிச் சின்னம் இருக்கும்.

அதே இதழில் ஒன் பீஸின் 766-ஆம் அத்தியாயமும் வந்தது. அதன் அட்டைப் படத்தையும் தேடிப் பார்த்துவிடுங்கள். அதன் நாயகன் லூஃபியின் கூட்டம் சாப்பிடும் இடத்தில் நருட்டோவும் இருக்கிறான். சுவரில் எழுதியிருக்கும் உணவுப் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால், இத்தனை நாள் உழைப்புக்காக நருட்டோவுக்கு நன்றி சொல்லும் வாசகம் வரும். ஒன் பீஸின் ஆசிரியர் எய்ச்சிரோ ஓடா வரைந்தது. ஒரே இதழில் அத்தனை வருடம் போட்டிபோட்ட இருவர் இப்படி விடைபெற்றுக்கொண்டதை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது.

படி 7: அடுத்து என்ன?

2015-இல் கிஷிமோட்டோ சசுகேயின் மகள் சராதாவை வைத்துப் பத்து அத்தியாயங்கள் வரைந்தார். அதை உடனே வாசிக்கலாம். நருட்டோவின் மகனைப் பற்றிய போருட்டோ தொடரை மட்டும் இப்போதைக்குத் தொட வேண்டாம். முதலில் உங்களுக்குப் பிடித்த நருட்டோ தொகுதிகளை இன்னொரு முறை புரட்டிவிடுங்கள்.