கால்நடை மருத்துவக் கல்லூரி விண்ணப்பம்: நல்ல மதிப்பெண் இருந்தும் தகுதி போவது எங்கே?

அமெரிக்காவில் டிவிஎம் என்ற கால்நடை மருத்துவப் பட்டப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள் ஜிபிஏவை, அதாவது சராசரி கிரேடு புள்ளியை, நினைத்தே கவலைப்படுகிறார்கள். ஆனால் ஜிபிஏ நன்றாக இருந்தும் ஒரு கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) குறைந்ததாலோ, ஒரு டிரான்ஸ்கிரிப்ட் (கல்லூரி தரும் மதிப்பெண் பட்டியல்) வந்து சேராததாலோ விண்ணப்பம் முதல் சுற்றிலேயே கழிந்துபோவதுண்டு. அத்தனை உழைப்பும் இப்படி வீணாகக் கூடாது.

பெரும்பாலான கல்லூரிகளுக்கு விஎம்சிஏஎஸ் என்ற பொது விண்ணப்பம் ஒன்றே போதும். ஆனால் முன்தேவைப் பாடங்களை, அதாவது சேரும் முன் முடித்திருக்க வேண்டிய பாடங்களை, கல்லூரிக்குக் கல்லூரி தனித்தனியாக வகுத்திருக்கிறார்கள். ஒன்று மரபியல் கேட்கும், இன்னொன்று விலங்கு ஊட்டச்சத்தியல் கேட்கும், மற்றொன்று மேடைப்பேச்சுப் பாடம்கூடக் கேட்கும். எனவே முதலில் ஓர் அட்டவணை போடுங்கள். பாடம், கிரெடிட், லேப் வேண்டுமா, குறைந்தபட்ச கிரேடு, எத்தனை ஆண்டுக்குள் படித்திருக்க வேண்டும், ஆன்லைன் செல்லுமா என்று ஒவ்வொரு கல்லூரிக்கும் நிரப்புங்கள். நீங்கள் சேரப்போகும் ஆண்டுக்குக் கல்லூரியே வெளியிட்ட பட்டியலை மட்டும் நம்புங்கள். சீனியர் கொடுத்த போன வருடப் பட்டியல் வேண்டாம்.

அதிகம் பேர் சறுக்குவது கிரெடிட் கணக்கில்தான். செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்களாக நடக்கும் குவார்ட்டர் முறையில் படித்த 1 கிரெடிட், செமஸ்டர் கணக்கில் மூன்றில் இரண்டு பங்குதான். ஒரு கல்லூரி லேப்புடன் 8 செமஸ்டர் கிரெடிட் கரிம வேதியியல் கேட்கிறது என்று வையுங்கள். 5 கிரெடிட் வீதம் இரண்டு குவார்ட்டர் முடித்தவர் கையில் 10 இருப்பதாக நினைப்பார். செமஸ்டர் கணக்கில் அது 6.67தான். மூன்றாவது குவார்ட்டரும் படித்தால்தான் 10 வரும்.

அடுத்தது, திரும்பப் படித்த பாடம். 4 கிரெடிட் பாடத்தில் முதலில் டி வாங்கி, மறுபடி படித்து ஏ எடுத்தால், அந்தப் பாடத்தை நடத்திய கல்லூரிகள் பல பழைய கிரேடை நீக்கிவிட்டு 4.0 என்று காட்டும். விஎம்சிஏஎஸ் அப்படி நீக்காது. கிரெடிட்டுக்கு டி என்றால் 1 புள்ளி, ஏ என்றால் 4 புள்ளி என்று வைத்து, இரண்டு முறையையும் சேர்த்து, 4 கிரேடு புள்ளியும் 16 புள்ளியும் மொத்தம் 20, அதை 8 கிரெடிட்டால் வகுத்து 2.5 என்றே கணக்கிடும். ஆகவே உங்கள் டிரான்ஸ்கிரிப்டில் அச்சாகியிருக்கும் ஜிபிஏவை நம்பி, குறைந்தபட்ச ஜிபிஏ நிர்ணயித்திருக்கும் கல்லூரிக்குப் பணம் கட்டாதீர்கள். எல்லா முயற்சியையும் சேர்த்து நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஆரம்ப ஆண்டுகள் சரியில்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது: சில கல்லூரிகள் கடைசி 45 செமஸ்டர் கிரெடிட்டின் ஜிபிஏவைத் தனியாகப் பார்க்கின்றன. அவற்றைத் தேடிப் பட்டியலில் சேர்ப்பது புத்திசாலித்தனம்.

பாடத்தின் பெயரைப் பார்த்தும் ஏமாறக்கூடாது. பொது, கரிம, உயிர்வேதியியல் மூன்றையும் ஒரே செமஸ்டரில் தொட்டுச்செல்லும் அறிமுகப் பாடத்தை உயிர்வேதியியலாகப் பெரும்பாலும் ஏற்பதில்லை. சி மைனஸ் சில இடங்களில் செல்லும், பல இடங்களில் செல்லாது. கிரேடு இல்லாமல் பாஸ் என்று மட்டும் பதிவான பாடமும் அப்படித்தான். அறிவியல் பாடங்களுக்குக் காலவரம்பு வைத்திருக்கும் கல்லூரிகளும் உண்டு. வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வருபவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

பள்ளியில் படிக்கும்போதே எடுத்த கல்லூரிப் பாடம், கோடையில் வேறு கல்லூரியில் முடித்த ஒரே ஒரு பாடம், பாதியில் விட்ட பாடம் எல்லாவற்றையும் விண்ணப்பத்தில் காட்ட வேண்டும். படித்த ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் டிரான்ஸ்கிரிப்ட் விஎம்சிஏஎஸுக்கு நேரடியாகப் போக வேண்டும். கடைசி நாள் வழக்கமாக செப்டம்பர் நடுவில் வரும் என்பதால் ஜூலையிலேயே கேட்டுவிடுங்கள். அமெரிக்காவுக்கு வெளியே படித்தவர்கள் பாடவாரியான மதிப்பீட்டு அறிக்கை வாங்க வேண்டும்; பட்டத்தை மட்டும் உறுதிசெய்யும் அறிக்கை பயன்படாது. பிளஸ் டூ இயற்பியலும் வேதியியலும் கல்லூரிப் பாடமாகாது. ஏற்கெனவே இந்தியாவில் பிவிஎஸ்சி என்ற கால்நடை மருத்துவப் பட்டம் முடித்து அமெரிக்காவில் தொழில் செய்ய நினைப்பவர்கள் டிவிஎம்மை மறுபடி படிக்கத் தேவையில்லை. வெளிநாட்டுப் பட்டம் அமெரிக்கப் பட்டத்துக்கு இணை என்று சோதித்துச் சான்றளிக்கும் இசிஎஃப்விஜி, பேவ் என்ற தேர்வு வழிகளைப் பாருங்கள்.

இன்னும் முடிக்காத பாடங்களை 'திட்டமிட்டது' என்று காட்டி விண்ணப்பிக்கலாம். எத்தனை பாடம் பாக்கி இருக்கலாம், எப்போதைக்குள் முடிய வேண்டும் என்பதைக் கல்லூரிதான் சொல்லும். இடம் கிடைத்த பிறகு அந்தப் பாடத்தில் கிரேடு குறைந்தால் இடமே பறிபோகலாம். அதனால் கடினமான பாடத்தைக் கடைசி செமஸ்டருக்குத் தள்ளாதீர்கள்.

ஒரு பாடம் செல்லுமா என்று சந்தேகம் வந்தால், அதன் பாடத்திட்டத்தை இணைத்துச் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் கேட்ட பதிலைப் பின்னால் காட்ட முடியாது. எழுத்தில் வந்ததைப் பத்திரப்படுத்துங்கள்.