‘நடிகையர் திலகம்’ வரவேற்பை எழுதும்போது சறுக்கும் இடங்கள்

கோவையில் எங்கள் திரையிடல் குழுவுக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதித் தருவது என் வேலை. நடிகை சாவித்திரியின் வாழ்க்கையைச் சொல்லும் ‘நடிகையர் திலகம்’ போட்ட மாதம், ‘சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது’ என்று எழுதி அறுபது ஜெராக்ஸும் எடுத்துவிட்டேன். தப்பு. 66-வது தேசிய விருதுகளில் அது வாங்கியது அதன் தெலுங்கு வடிவமான ‘மகாநடி’யாக, சிறந்த தெலுங்குப் படம் என்று. கூடவே சாவித்திரியாக நடித்த கீர்த்தி சுரேஷுக்குச் சிறந்த நடிகை, அப்புறம் ஆடை வடிவமைப்பு. அறுபது தாளிலும் பேனாவால் அடித்துத் திருத்தினேன்.

தெலுங்கில் 2018 மே 9, தமிழில் இரண்டு நாள் கழித்து வந்த படம். அங்கே சாவித்திரி ‘மாயாபஜா’ரின் சசிரேகை, இங்கே ‘பாசமல’ரின் தங்கை. நினைவே வேறு என்பதால், அங்கே வந்த விமர்சனத்தை எடுத்து ‘தமிழ் ரசிகர்கள் கொண்டாடினார்கள்’ என்று போடக்கூடாது.

‘அச்சு அசல் சாவித்திரி’ என்பது இன்னொரு வழுக்கல். அது மேக்கப்புக்குப் போகவேண்டிய பாராட்டு. நடிப்பைப் பேச இடக்கண்ணில் மட்டும் சொட்டுக் கண்ணீர் விடும் அந்தக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தில் ஒரு தசையும் பதறாமல் கண் மட்டும் நிறைவதைச் சொன்னால் போதும், உருவ ஒற்றுமை தேவையே இல்லை.

காதல் பகுதிதான் சிக்கல். சாவித்திரியின் கணவர் ஜெமினி கணேசனைக் காட்டிய விதம் சரியில்லை என்று அவர் மகள் கமலா செல்வராஜ் வெளிப்படையாகச் சொன்னார். இதைச் சிலர் ‘எதிர்மறை விமர்சனம்’ என்ற தலைப்பில் சேர்த்துவிடுகிறார்கள். அது வீட்டார் மறுப்பு. விட்டுவிடவும் கூடாது, திரைக்கதைக் குறையோடு கலக்கவும் கூடாது. குறை தனியாகவே இருக்கிறது: மனைவியின் புகழைப் பொறுக்காத கணவன் என்ற ஒரே ஆணியில் இத்தனை பெரிய வீழ்ச்சியை மாட்டுகிறது படம். எனக்கு அது ஒப்பவில்லை. கதை சொல்லும் மதுரவாணி கற்பனைப் பாத்திரம். அவர் வாயால் வருவதை வரலாறாக மேற்கோள் காட்டாதீர்கள்.

உள்ளூர்ப் பெருமையிலும் கவனம் வேண்டும். திரையிடல் முடிந்ததும் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “புலியகுளம் பட்சிராஜா ஸ்டுடியோவுல சாவித்திரிய நேர்ல பாத்தனுங்க தம்பி, ‘மலைக்கள்ளன்’ எடுக்கையில.” 1954-இல் வந்த அந்தப் படத்தில் எம்.ஜி.ஆருக்கு ஜோடி பானுமதி.

“அது பானுமதிங்கய்யா.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்படீங்களா? ஆனா அந்தம்மாளும் நல்லாத்தான் இருந்தாங்க.”