மறைத்து வாங்கிய கடனைத் துணையிடம் சொல்வது எப்படி

கணவன் மனைவிக்குள் பேச்சே குறைந்துபோன நேரத்தில் இதைப் போய் எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நண்பர் நம்பிச் சொன்ன விஷயம், உங்கள் டைரி, இதெல்லாம் உங்களோடு இருக்கட்டும். ஆனால் கடன் அப்படியில்லை, அது தெரியாமல் உங்கள் துணை போடும் ஒவ்வொரு திட்டமும் தப்புக் கணக்கில்தான் நிற்கிறது.

சுமக்கிற உங்களுக்கும் அது நல்லதில்லை. ரகசியம் மனிதரை வாட்டுவது பேச்சில் மறைக்கும்போது என்பதைவிட, தனியாக இருக்கும்போது மனம் திரும்பத் திரும்ப அதிலேயே போய் நிற்பதால்தான் என்று மைக்கேல் ஸ்லெபியனும் சக ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். யாரிடம் வாங்கியது, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, இன்னும் எத்தனை தவணை, எதையாவது அடமானம் வைத்தீர்களா, யாராவது ஜாமீன் போட்டார்களா, எல்லாமே. பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். பாதித் தொகையைச் சொல்லிப் பார்ப்போம், கோபம் தணிந்ததும் மீதியைச் சொல்லலாம் என்று நினைப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒருமுறை முழுதாகக் கேட்டவர் கடனோடுதான் மல்லுக்கட்டுவார். மூன்று தவணையாகக் கேட்டவருக்கோ இன்னும் என்ன பாக்கி என்ற சந்தேகம் லேசில் போகாது, நீங்கள் உண்மையாகச் சொல்வதையும் அப்புறம் நம்பமாட்டார்.

வேலைக்குக் கிளம்பும்போதோ, சண்டையின் நடுவிலோ, பிள்ளைகள் முன்னாலோ வேண்டாம். இருவரும் உட்காரக்கூடிய நேரமாகப் பார்த்து, "உன்னிடம் மறைத்த ஒரு கடன் இருக்கிறது, இவ்வளவு" என்று தொகையில் ஆரம்பியுங்கள், காரணத்தைக் கேட்டால் சொல்லலாம். "நீ கத்துவாய் என்று பயந்துதான் சொல்லவில்லை" என்ற வரி மட்டும் வாயில் வரவே கூடாது, அது பழியை அவர் தலையில் போடும்.

கோபம் வரும். வரட்டும், குறுக்கே பேசாதீர்கள். தம்பதிகளை நெடுங்காலம் ஆராய்ந்த ஜான் காட்மன், இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டும் அளவுக்குக் கொதித்தால் எதுவும் காதில் ஏறாது, குறைந்தது 20 நிமிடமாவது இடைவெளி விடுங்கள் என்கிறார். எழுந்து போவதானால் எப்போது திரும்பி வருவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். அன்றைக்கே மன்னிப்பு கிடைக்க வேண்டும் என்று நெருக்காதீர்கள்.

அப்புறம் அவர் கேட்காமலேயே மாதாமாதம் கடன் கணக்கைக் காட்டுங்கள், புதுக் கடன் எதுவானாலும் வாங்கும் முன்பே பேசுங்கள்.

ஒன்று மட்டும் முக்கியம். அடிப்பவர், மிரட்டுபவர் என்றால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. தனியாக இருக்கும்போது சொல்ல வேண்டாம், நம்பகமான ஒருவரிடமோ ஆலோசகரிடமோ முதலில் பேசி உங்கள் பாதுகாப்பை உறுதி செய்துகொள்ளுங்கள், கடன் அதுவரை காத்திருக்கட்டும்.