சாப்பிட அடம்பிடிக்கும் குழந்தை: கவலைக்கு முன் கவனிக்க வேண்டியவை

ஒன்றரை வயதுக் குழந்தை இரண்டு வாய் பருப்புச் சோற்றோடு முகத்தைத் திருப்பிக்கொண்டால், ‘இவன் சாப்பிடுவதே இல்லை’ என்று தாய் முடிவுகட்டும் முன் எடையைப் பார்ப்பது நல்லது. முதல் ஆண்டில் பிறந்த எடையைப் போல் ஏறத்தாழ 3 மடங்காகும் குழந்தை, இரண்டாம் ஆண்டில் 2 முதல் 2.5 கிலோ வரையே கூடுவதால் பசி குறைவது இயல்பே. அங்கன்வாடியில் எடை பார்த்துக் குறிக்கும் வளர்ச்சி அட்டையில் கோடு சீராக ஏறினால், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கலங்கத் தேவையில்லை.

அடுத்து, பாலும் பிஸ்கட்டும் உட்பட ஒரு வாரத்தில் உண்டதை எல்லாம் எழுதிப் பாருங்கள். நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கும் குழந்தையின் வயிற்றில் சோற்றுக்கு இடமிருக்காது, இரும்புச்சத்தும் குறையக்கூடும். பல வீடுகளில் சிக்கல் இந்தப் பாலில்தான் இருக்கிறது.

எந்த உணவு, எந்த நேரம் என்பதை நீங்கள் தீர்மானித்து, எவ்வளவு என்பதைக் குழந்தையிடம் விடுங்கள். மறுத்த கீரையை வற்புறுத்தாமல், சிறிதளவாக, 10 முதல் 15 முறை வரையேனும் தட்டில் வையுங்கள். எடை குறைந்தாலோ விழுங்கத் திணறினாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.