நண்பரின் கவிதைக்குக் கருத்துச் சொல்லும்போது

நண்பர் ஒருவர் தம் கவிதையைக் கொடுத்துக் கருத்துக் கேட்டால், அதை ஒருமுறை மௌனமாகவும் மறுமுறை வாய்விட்டும் படியுங்கள். கண்ணுக்குத் தப்பிய ஓசைப் பிசகு பெரும்பாலும் நாவில் இடறும். "அருமை" என்று மட்டும் எழுதி அனுப்புவது, என்னைக் கேட்டால், படிக்காமல் இருப்பதற்குச் சமம்.

எந்த வரி மனத்தில் நின்றது, எங்கே பொருள் பிடிபடாமல் திரும்பப் படிக்க நேர்ந்தது என்பதை வரியைச் சுட்டியே சொல்லுங்கள். எடுத்துக்காட்டாக, தந்தையின் மறைவைப் பற்றிய கவிதையில் "அவர் கண்ணாடி இன்னும் மேசைமேல் இருக்கிறது" என்ற வரியை அடுத்து "என் துயரம் கடலினும் பெரிது" என்று வந்தால், இரண்டாம் வரி மோசம் என்று தீர்ப்பளிக்க வேண்டாம். "கண்ணாடியைப் பார்த்தபோதே துயரம் புரிந்துவிட்டது, அடுத்த வரி அதை விளக்கியதும் அழுத்தம் சற்றுக் குறைந்தது" என்று வாசகராக உங்களுக்கு நேர்ந்ததைக் கூறினால், வெட்டுவதா வைப்பதா என்பதை எழுதியவரே முடிவு செய்துகொள்வார். மாற்று வரியை நாமே எழுதிக் கொடுக்கும் ஆசையை அடக்குவது கடினம்தான் (நானும் பலமுறை தவறியிருக்கிறேன்). ஆனால் அந்த வரி நம் குரலில்தான் ஒலிக்கும்.

மரபுக் கவிதையானால் அளவுகோல் வேறு. வெண்பாவில் தளை தட்டினாலோ (அதாவது, அடியின் ஓசைத் துண்டுகளான சீர்கள் ஒன்றோடொன்று விதிப்படி இணையாவிட்டாலோ), ஈற்றடி மூன்று சீர்களில் அமையாவிட்டாலோ, அதைச் சுட்டுவது சுவை சார்ந்த கருத்தன்று; இலக்கணப் பிழை என்பதால் சீரைக் குறிப்பிட்டுத் தயங்காமல் சொல்லலாம். புதுக்கவிதையிடம் போய் எதுகை எங்கே என்று கேட்பது நியாயமில்லை. எழுத்துப்பிழைகளைத் தனியே குறித்துக் கடைசியில் கொடுத்துவிடுங்கள்.