நம் ஊர் வெயிலை நம்பி ரியாத்துக்குப் போகாதீர்கள்

என் அக்கா மகனுக்கு ரியாத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஜூன் கடைசியில் கிளம்புகிறான். போன ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் செந்தூலில் என் வீட்டுக்கு வந்து பசியாறிக்கொண்டிருந்தபோது அந்த ஊர் வெயிலைப் பற்றிப் பேச்செடுத்தேன். தோசையிலிருந்து கண்ணை எடுக்காமல், “வெயில்தானே மாமா, நாம பார்க்காததா?” என்றான். நானும் இதையேதான் சொல்லிவிட்டுப் போனேன். அங்கே கட்டுமானத் தளத்தில் இரண்டு கோடையைக் கழித்துவிட்டு வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மற்ற எல்லாத் தவறுகளும் இந்த ஒரு நினைப்பிலிருந்துதான் பிறக்கின்றன.

கோலாலம்பூரில் பெரும்பாலும் 33, 34 டிகிரி. மலேசியாவில் இதுவரை பதிவான உச்ச வெப்பமே 1998 ஏப்ரலில் பெர்லிஸின் சூப்பிங்கில் அடித்த 40.1 டிகிரிதான். ரியாத்தில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பகல் உச்சம் சராசரியாகவே 43 டிகிரிக்கு மேல். நமக்கு மூன்று மணிக்கு மேகம் கூடும், நான்கு மணிக்கு மழை கொட்டும். அங்கே கோடை முழுக்க அப்படி ஒரு விடுதலை வராது. பாலைவனத்தில் ராத்திரி குளிரும் என்று பலர் நம்புகிறார்கள். குளிர்காலத்துக்கு அது சரி. கோடையில், பகலெல்லாம் சூட்டைக் குடித்த கான்கிரீட்டும் தாரும் ராத்திரியில் அதைத் திருப்பிக் கொடுக்கும். நள்ளிரவில்கூட 30 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் சாதாரணம்.

இதைவிட ஆபத்தான வித்தியாசம் வியர்வையில் இருக்கிறது. நம் ஊரில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டால் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று புரிந்துகொள்கிறோம். சின்ன வயதிலிருந்து உடம்பு பழகிய கடிகாரம் அது. ரியாத்தின் காய்ந்த காற்றில் வியர்வை தோலுக்கு வந்த நொடியே ஆவியாகிவிடும். சட்டை நனையாது. நனையாததால் வியர்க்கவில்லை என்று நினைத்துக்கொள்வோம்.

மூன்றாம் நாள் மாலை எனக்கு நடந்தது இதுதான். சட்டை இஸ்திரி போட்ட மாதிரி காய்ந்திருந்தது, அதனால் எனக்கு ஒன்றுமில்லை என்று நம்பினேன். அப்புறம் தலைவலி, குமட்டல், கெண்டைக்காலில் பிடித்த பிடிப்பில் காலை நீட்டவே முடியவில்லை. அறைக்கு வந்து நீலச் சட்டையைக் கழற்றினால் முதுகுப்பக்கம் முழுக்க வெள்ளைக் கோடுகள், ஒன்றுக்குள் ஒன்றாகக் கடற்கரையில் அலை விட்டுப்போன தடம்போல. விரலால் தேய்த்தபோது நறநறவென்று உதிர்ந்தது. அவ்வளவும் என் உப்பு.

அதனால் சட்டையைப் பார்க்காதீர்கள், சிறுநீரைப் பாருங்கள். தே ஓ (பால் இல்லாத தேநீர்) நிறத்தில் போனால் உடம்பு வற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பார்லித் தண்ணீரைப்போல வெளுத்திருந்தால் சரி. வெயிலில் வேலை செய்யும்போது தாகத்துக்குக் காத்திராமல் 15, 20 நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு குவளை குடிக்க வேண்டும். பயத்தில் ஒரே மணி நேரத்தில் இரண்டு மூன்று லிட்டர் வெறும் தண்ணீரை உள்ளே தள்ளுவதும் தவறு. இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் மயக்கம், வலிப்பு வரை கொண்டுபோய்விடும். மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். சாப்பாட்டு வேளையைத் தவறவிடாதீர்கள், இழந்த உப்பு பெரும்பாலும் சாப்பாட்டிலிருந்துதான் திரும்பி வருகிறது. அங்கே எல்லாக் கடைகளிலும் லபன் கிடைக்கும், நம் மோருக்குச் சொந்தக்காரன். உப்பு ஒரு சிட்டிகை போட்டுக் குடித்தால் அம்மா கைப்பக்குவம் நினைவுக்கு வரும்.

முதல் நாளே முழு வேலை பார்ப்பது அடுத்த தவறு. என் விஷயத்தில் அது நான் வேலை பார்த்த நிறுவனத்தின் தவறும்கூட. “போகப்போகப் பழகிடும்” என்று சொல்லி முதல் நாளே முழு நேரமும் வெயிலில் நிறுத்தினார்கள். உடம்பு பழகத்தான் செய்யும், ஆனால் அதற்கு ஒன்றிலிருந்து இரண்டு வாரம் வேண்டும். புது ஆளுக்கு முதல் நாள் வழக்கமான நேரத்தில் 20 விழுக்காடு மட்டும், பிறகு நாளுக்கு 20 விழுக்காடாகக் கூட்டு என்பதுதான் தொழில் பாதுகாப்பு நிபுணர்களின் பரிந்துரை. கேட்டு வாங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏர்கோன் அறையிலேயே இரண்டு வாரம் இருந்துவிட்டு, எனக்குப் பழகிவிட்டது என்று சொல்வதும் கணக்கில் சேராது.

சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12 மணியிலிருந்து 3 மணிவரை நேரடி வெயிலில் வேலை வாங்கச் சட்டத்தில் இடமில்லை. நல்ல சட்டம். ஆனால் மூன்று மணிக்கு வெயில் இறங்கிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். பல நாட்களில் வெப்பம் உச்சத்தைத் தொடுவதே மூன்று, நான்கு மணிக்குத்தான்.

உடை விஷயத்தில் நம் பழக்கம் தலைகீழ். சூடாக இருந்தால் பனியனும் அரைக்கால் சட்டையும்தான் நமக்குத் தெரியும். அந்த வெயிலில் திறந்த தோல் நேராகச் சூட்டை வாங்கும். அரபிகள் தொளதொளவென்று கணுக்கால்வரை வெள்ளையில் உடுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. முழுக்கை வைத்த தளர்ந்த பருத்திச் சட்டை, கழுத்தையும் மறைக்கும் தலைத்துணி, இவை போதும். பந்து விளையாடப் போடும் ஜெர்சியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

காற்றாடியை நம்புவதும் நம் ஊர்ப் பழக்கம்தான். 40 டிகிரியைத் தாண்டிய அறையில் வெறும் காற்றாடி அடுப்புக் காற்றை மேலே வீசும், உடம்பு இன்னும் சூடாகும். மின்சாரம் போய் ஏர்கோன் நின்றால் சட்டையை நனைத்து உடுத்திக்கொண்டு காற்றுப்படும்படி உட்காருங்கள். தண்ணீர் ஊற்றி ஓடுகிற கூலர் ரியாத்தில் நன்றாக வேலை செய்யும். அதையே துபாய்க்கோ தோஹாவுக்கோ கொண்டுபோனால் பயனில்லை, ஆகஸ்டில் அங்கே கடல் ஈரம் கூடி, வெளியே கால் வைத்ததும் மூக்குக்கண்ணாடி மங்கிவிடும். அந்த ஊர்களில் வியர்வை நம் ஊர் மாதிரியே உடம்பில் நிற்கும், ஆனால் 40 டிகிரியில். காய்ந்த சூட்டைவிட அது கொடியது என்பது என் எண்ணம்.

வந்த புதிதில் ஒரு மத்தியானம் குளிக்கலாமென்று பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்து தோளைச் சுட்டுக்கொண்டேன். தொட்டி மொட்டைமாடியில், வெயிலில். பக்கத்து அறைக் கேரளாக்காரர்தான் வழி சொன்னார்: மே மாதத்திலேயே குளியலறை ஹீட்டரின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். ஹீட்டர் தொட்டி வீட்டுக்குள் ஏர்கோன் குளிரில் இருப்பதால், சுடுதண்ணீர்க் குழாயில்தான் ஆறிய தண்ணீர் வரும்.

கார் வைத்திருப்பவர்கள் லைட்டர், வாசனை ஸ்பிரே, பவர் பேங்க் எதையும் உள்ளே விட்டுவிட்டு இறங்காதீர்கள், வெடிக்கும். பிள்ளையை “ரெண்டே நிமிஷம்” என்று விட்டுப் போவது எந்த ஊரிலும் கூடாது, அந்த ஊரில் அது உயிரோடு விளையாடுவது.

நம்மவர்களில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இல்லாத வீடு குறைவு. இன்சுலினைக் காரிலோ பெட்டியிலோ வைத்துச் சுற்றினால் கெட்டுப்போகும், பார்வைக்குத் தெரியாது. சிறுநீர் பிரியவைக்கும் அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கிளம்புமுன் மருத்துவரிடம் அளவைப் பற்றிப் பேசிவிட்டுப் போங்கள்.

ஹஜ் போகிற நம் இஸ்லாமிய அன்பர்களுக்கும் இது பொருந்தும். 2024 ஜூனில் ஹஜ் சமயம் மெக்காவில் வெப்பம் 51.8 டிகிரிவரை போனது. 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் முறையான அனுமதி இல்லாமல் வந்து, நிழலும் தங்குமிடமும் இன்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். மலிவாக அழைத்துப்போகிறேன் என்று சொல்பவரிடம் முதலில் அனுமதிச் சீட்டைக் கேளுங்கள்.

கூட இருப்பவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் விழித்தாலோ அது வெப்பத் தாக்கம். வியர்க்கிறதே என்று ஏமாறாதீர்கள், வியர்த்துக்கொண்டும் அது வரும். பெனடோல் போன்ற காய்ச்சல் மாத்திரை கொடுப்பதால் அந்தச் சூடு இறங்காது. நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் புரையேறும். சவூதி ஆம்புலன்ஸ் எண்ணான 997-க்கு அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா நிற்காமல் நிழலுக்குத் தூக்கி, கனத்த உடுப்பைக் கழற்றி, கிடைக்கிற குளிர்ந்த தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றுங்கள். ஐஸ் இருந்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வையுங்கள். அந்த எண்ணை என் மருமகனின் கைப்பேசியில் அன்றைக்கே, தோசை ஆறுவதற்குள், பதிந்து கொடுத்தேன்.