வியட்நாமிய ‘தெய்’: எங்கே சறுக்குகிறோம்?

வியட்நாமிய மொழியில் ‘தெய்’ என்றால் மேற்கு. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அதுவே வெள்ளைக்காரனுக்கும் பெயரானது. அவனோடு சந்தைக்கு வந்த காய்கறிகளின் பெயரிலும் வாலாக ஒட்டிக்கொண்டது. சீமைக்கருவேலம், சீமை அகத்தி என்று சொல்லிப் பழகிய நமக்கு இது அந்நியமில்லை. நாம் முன்னால் வைப்பதை அவர்கள் பின்னால் வைக்கிறார்கள், அவ்வளவுதான். ‘க்வாய்’ கிழங்கு, ‘க்வாய் தெய்’ உருளைக்கிழங்கு. இதைச் சிலர் ‘மேற்குக் கிழங்கு’ என்று மொழிபெயர்த்து வைக்கிறார்கள். சீமைக்கருவேலத்தை ‘இங்கிலாந்துக் கருவேலம்’ என்பது போலத்தான் அது.

ரோமன் எழுத்தில் ‘Tây’ என்று இருப்பதைப் பார்த்து ‘டே’ என்று வாசிப்பது அடுத்த பிழை. முதல் ஒலி தை மாதத்தின் ‘த’. உயிரெழுத்தின் தலையில் இருக்கும் கூரைக்குறியை விட்டு எழுதினால் சொல் ‘கை’ ஆகிவிடும். கூரைக்கு மேல் ஒரு கொக்கி ஏறினால் ‘அழித்தல்’.

உண்மையான சேதம் சமையலில்தான். ‘தெய்’ ஏதோ அலங்காரம் என்று நினைத்து விட்டுவிட்டால் வேறு காய் வீட்டுக்கு வரும். ‘மங் தெய்’ என்பது அஸ்பாரகஸ். வெறும் ‘மங்’ மூங்கில் குருத்து. அஸ்பாரகஸை 2, 3 நிமிடம் வதக்கினால் போதும். பச்சை மூங்கில் குருத்தில் சயனைடை வெளிவிடும் சேர்மங்கள் உண்டு. அதைத் தோலுரித்து, நறுக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் நன்றாக வேகவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிய பிறகே சமைக்க வேண்டும். அஸ்பாரகஸ் கணக்கில் வதக்கி இறக்கினால் கசப்பதோடு நிற்காது, உடம்புக்கும் ஆகாது.

‘கன் தெய்’ செலரி. ‘கன்’ மட்டும் என்றால் நீரில் வளரும், தண்டு உள்ளீடற்ற இன்னொரு கீரை. செலரிக்குக் கொடுக்கும் நேரம் கொடுத்தால் குழைந்து போகும். ‘முய்’ கொத்தமல்லி, ‘முய் தெய்’ பார்ஸ்லி. இதிலும் ஒரு சிக்கல்: தெற்கே, சைகோன் பக்கம், கொத்தமல்லிக்குப் பெயரே ‘ங்ஙோ’. ஹனோய்க்காரர் எழுதிய சமையல் குறிப்போடு அங்கே கடைக்குப் போனால் இதையும் மாற்றிக் கேளுங்கள்.

வரலாறு படிப்பவர்கள் சறுக்குவது எதிர்த்திசையில். எங்கே ‘தெய்’ வந்தாலும் பிரெஞ்சுக்காரன் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 1771இல் தொடங்கிய தெய் சோன் கிளர்ச்சிக்குப் பெயர் கொடுத்தது ஓர் ஊர். மேற்கு மலை என்று பொருள். பிரெஞ்சுப் படை வியட்நாமின் தனாங் துறைமுகத்தைத் தாக்கியது 1858இல்தான். தெற்கே மெகாங் ஆற்றின் டெல்டாவை இன்றும் ‘மியென் தெய்’, மேற்குப் பகுதி, என்கிறார்கள், வெறும் திசை. மறுபுறம் ‘து-ஓக் தெய்’ என்றால் இங்கிலீஷ் மருந்து, ‘தெத் தெய்’ ஜனவரி 1. இங்கே திசைக்கு வேலையில்லை.

பெயரில் ‘தெய்’ இருப்பதால் செடியின் பூர்வீகம் பிரான்ஸ் என்று எழுதுவதும் தவறு. உருளையின் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. பெயர் சொல்வது யார் கையில் வந்தது என்பதை மட்டும்.

இதன் ஜோடிச் சொல் ‘தா’: நம்முடையது, நம் வழக்கில் ‘நாட்டு’. ‘தாவ் தெய்’ ஆப்பிள். ‘தாவ் தா’ கேட்டால் கைக்கு வருவது இலந்தை.